கழுகுப்பாறைத் தலைவி

கிரேக்க நாட்டு ஆர்க்காடிய மலைகளின் மடியிலே பிறந்து, பாறைகளோடு பிணங்கியும் பள்ளத்தாக்குகளோடு கொஞ்சியும் மேற்குக் கடலை நாடி ஓடும் அல்பேயோஸ் நதி, அந்த இலையுதிர்கால மாலையில் செம்பொன்னை உருக்கி வார்த்தாற்போலத் தகதகத்துக்கொண்டிருந்தது. கரையோரத்து அரளிப் புதர்களில் பருவத்தின் கடைசிப் பூக்கள் சிவந்து சோர்ந்து தலைசாய்த்திருந்தன. மலைச்சரிவெங்கும் படர்ந்த ஒலிவ மரங்கள் காற்று வரும்போதெல்லாம் தங்கள் இலைகளின் வெள்ளிப் புறத்தைக் காட்டிப் பின் மறைத்துக்கொண்டன. கதிரவன் முற்றும் மறைவதற்குள் கிழக்கு முகட்டில் முழுமதி எட்டிப் பார்த்துவிட்டபடியால், நதியின் ஒரு பாதி பொன்னாகவும் மறு பாதி வெள்ளியாகவும் மாறிப் பார்ப்பவர் நெஞ்சை மயக்கியது. அந்த அழகையெல்லாம் ஆயிரம் அடி உயரத்திலிருந்து, சிறிதும் மயங்காத பார்வையோடு நோக்கியபடி நின்றது கழுகுப்பாறைக் கோட்டை.

அன்பார்ந்த வாசகர்களே! அந்தக் கோட்டையை நிலப்படங்களில் தேடிக் கண்களை வருத்திக்கொள்ள வேண்டாம். அது இந்தக் கதைக்காக எழும்பிய கோட்டை. ஆனால் அது நின்ற காலம் மெய்யானது. எருசலேமை மீட்கப் போவதாகச் சிலுவை தரித்துப் புறப்பட்ட மேல்நாட்டு வீரர்கள், பாதி வழியில் மனம் மாறிக் கான்ஸ்டான்டினோபிள் மாநகரையே கைப்பற்றி, கிரேக்க நாட்டைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பிராங்கியர் என்று கிரேக்கர்களால் அழைக்கப்பட்ட அவர்கள் தெற்கே மோரியா தீபகற்பத்தில் நிறுவிய சிற்றரசு சீரும் சிறப்புமாகத்தான் இருந்தது, வடக்கே நடந்த பெரும்போரில் அதன் இளவரசரும் வீரர்களும் கூண்டோடு சிறைப்படும் வரையில். பிறகு மாநகரையும் கிரேக்கப் பேரரசர் மீட்டுக்கொண்டார். மோரியாவின் கோட்டைகளில் எஞ்சியவர்கள் பெண்கள். கணவனைச் சிறைக்கும் மகனைப் போர்க்களத்துக்கும் கொடுத்த அந்தச் சீமாட்டிகள் ஒன்றுகூடி, நாட்டின் தலைவிதியைத் தாங்களே பேசி முடிவு செய்த விந்தையும் அந்நாளில்தான் நிகழ்ந்தது. மூன்று பெருங்கோட்டைகளைக் கொடுத்து இளவரசரை மீட்பது என்று தீர்மானித்த அந்தச் சபை, பேரரசர் நான்காவதாகக் கேட்ட கழுகுப்பாறையைப் பற்றி மட்டும், "அதன் தலைவியே முடிவு செய்யட்டும்" என்று சொல்லிவிட்டது.

அந்தத் தலைவிதான் யோலாந்தா தேவி.

கிழக்குக் கொத்தளத்தின் விளிம்பில் அவள் நின்றிருந்தாள். பிராங்கியத் தந்தையிடமிருந்து வந்த சாம்பல்நிறக் கண்களும், கிரேக்கத் தாயிடமிருந்து வந்த கருங்கூந்தலும் அவளுடைய இருபத்தாறு வயது முகத்துக்கு எவரும் எளிதில் மறக்க முடியாத ஒரு தோற்றத்தைத் தந்திருந்தன. இடையில் தொங்கியது கணவனின் வாள். அவன், ஆங்கெரான் பிரபு, இரண்டு ஆண்டுகளாகப் பேரரசரின் சிறையில். அந்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முற்றுகைகளை அவள் முறியடித்திருந்தாள். வாற்கோதுமைக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு, வீரர்களோடு வீரராகக் கல் சுமந்து, காய்த்துப்போன கைகளோடு அவள் உறங்கிய இரவுகளில் எல்லாம், கனவில் வந்தவன் ஒருவனே.

"தேவி! அவர்கள் ஆற்றைக் கடந்துவிட்டார்கள்" என்றது பின்னாலிருந்து ஒரு கம்பீரக் குரல். கோட்டைக் காவலர் தலைவன் தியோதூலோஸ்தான் அது. கிரேக்கன், அவளுடைய தாயின் ஊரைச் சேர்ந்தவன், இடது கன்னத்தில் காது வரை ஓடிய வாள்தழும்பு கொண்டவன்.

"எத்தனை பேர்?"

"தூதர் ரோமானோஸ் வார்தாலிஸ், பத்துக் குதிரை வீரர்கள், ஒரு துறவி. வெள்ளைக் கொடியோடு வருகிறார்கள். தாங்கள் அபயம் அளித்திருப்பதால் வாயிலைத் திறக்கச் சொல்லிவிட்டேன்."

யோலாந்தா திரும்பினாள். "தியோதூலோஸ், பேரரசரின் நிபந்தனையை மறுபடியும் சொல். என் காதில் விழட்டும்."

"பிராங்கிய வீரர்கள் ஆயுதங்களோடு வெளியேறலாம். ஆங்கெரான் பிரபு விடுதலை பெறுவார். பிராங்கியருக்கு ஊழியம் செய்த கிரேக்கர்கள் மட்டும் பேரரசரின் கருணைக்கு உட்பட்டவர்கள்."

"கருணை என்றால்?"

அவன் சிரித்தான். "காய்ச்சிய இரும்பு, தேவி. துரோகிகளின் கண்களுக்கு அதுதான் அங்கே வழக்கம்."

"இந்தக் கோட்டையில் கிரேக்கர்கள் நாற்பத்து மூன்று பேர்" என்றாள் அவள் மெல்ல.

"நாற்பத்து மூன்று பேரையும் கேட்டுவிட்டேன். தங்கள் கணவர் உயிரோடு திரும்புவாரானால், கோட்டை கைமாறும் முன்பே மலைவழியாகத் தப்பிப் பார்க்கிறோம் என்கிறார்கள். என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். பார்க்க வேண்டியவற்றை எல்லாம் நான் பார்த்தாகிவிட்டது."

"நான் பார்க்கவில்லையே!" என்று சீறினாள் யோலாந்தா. "கண்ணில்லாத உன்னை நான் பார்க்க வேண்டுமா?"

சொல்லிவிட்டாளே தவிர, அவள் நெஞ்சு வேறு பக்கம் இழுத்தது. அன்று நண்பகலிலேயே அவள் சாவிக்கொத்தை எடுத்து மெருகிட்டு வைத்திருந்தாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. தன் கணவனின் உயிருக்காக வெறுங்காலோடு நடந்து சென்று அதைத் தூதர் கையில் வைக்கவும் அவள் மனம் ஏறக்குறையத் துணிந்திருந்தது. அந்தத் துணிவை எண்ணி அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

விருந்தினரை எதிர்கொள்ள அவள் பெருங்கோபுரத்தின் வாயிலுக்கு இறங்கினாள். மேல்தளத்து மண்டபத்துக்குச் செல்லும் சுழற்படியில் தானே விளக்கேந்தி முன்னால் ஏறினாள். அது அந்நாட்டு விருந்தோம்பல். அந்தச் சுழற்படியில் ஒரு சூழ்ச்சி இருந்தது. கட்டியவர்கள் பதினேழாம் படியை மட்டும் மற்றவற்றைவிட நான்கு விரல் உயரமாக வைத்திருந்தார்கள். இருட்டில் வாளோடு ஏறி வரும் பகைவன் அங்கே கட்டாயம் இடறுவான். கோட்டையில் வாழ்பவர்கள் எண்ணாமலே காலை உயர்த்திக் கடந்துவிடுவார்கள்.

யோலாந்தா கடந்துபோய் மேலே நின்று விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள். பின்னால் வந்த தூதர் ரோமானோஸ் வார்தாலிஸ், பட்டு அங்கியில் நறுமணத் தைலம் மணக்க வந்தவர், இடறிச் சுவரைப் பற்றிக்கொண்டார். "தங்கள் படிகளும் தங்களைப் போலவே முரண்டு பிடிக்கின்றன, தேவி!" என்று நகைத்தார். அவருக்குப் பின் வந்த இரு வீரர்களும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு, கைகளை அங்கியின் கைப்பகுதிக்குள் புதைத்துக்கொண்டு, தரையைக்கூடப் பாராமல் வந்தார் துறவி.

பதினேழாம் படியில் அவருடைய கால் இயல்பாக உயர்ந்தது. கடந்தது. மேலே ஏறியது.

யோலாந்தா விளக்கை இன்னும் தாழ்த்தி அந்தக் காலைப் பார்த்தாள். தற்செயலாக இருக்கலாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மண்டபத்துக்குள் நுழைந்து ஆசனத்தில் அமரும் வரையில் அந்தக் கால் அவள் கண்களைவிட்டு அகலவில்லை.

மண்டபத்தில் கோட்டை வீரர்கள் இருபுறமும் அணிவகுத்து நின்றார்கள். பிராங்கியர் ஒரு பக்கம், கிரேக்கர் மறு பக்கம். தூதர் தலைவணங்கி, சுருளொன்றை நீட்டினார்.

"மாண்புமிகு தேவி! தங்கள் கணவர் தம் கைப்பட வரைந்த மடல். அடையாளத்துக்கு அவருடைய கணையாழி. பேரரசரின் நிலவறையில் நீர் கசியும் சுவரோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கிறார். கால்கள் வீங்கிவிட்டன. அடுத்த குளிர்காலத்தை அவர் தாங்குவார் என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. கோட்டையின் சாவி என் கைக்கு வந்தால் பத்தே நாளில் அவர் தங்கள் கைக்கு வருவார்."

மடலைப் பிரித்தாள். கையெழுத்து அவனுடையதுதான். 'என் உயிரின் உயிரே, கல்லைக் கொடுத்து என்னை மீட்டுக்கொள்' என்று எழுதியிருந்தான். வரிகள் நேராக, அழகாக, ஒரு நடுக்கமும் இன்றி ஓடின. நிலவறையில் சங்கிலியோடு இருப்பவன் எழுதும் வரிகளா இவை?

"இந்தத் துறவி யார், பிரபு?"

"சகோதரர் கிரிகோரியோஸ். தங்கள் கணவரின் காயங்களுக்கு மருந்திட்டு வருபவர். மௌன விரதம் பூண்டவர். பிரபு உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாக அழைத்து வந்தேன்."

"நல்லது. பேச முடியாதவர் சத்தியம் செய்யலாம் அல்லவா?" என்றாள் யோலாந்தா. அவள் குரலில் இருந்த அமைதி தியோதூலோஸைத் திடுக்கிடச் செய்தது. அந்த அமைதி முற்றுகை நாட்களில் மட்டுமே வருவது. "சுவிசேஷ நூலைக் கொண்டுவாருங்கள். என் கணவர் சங்கிலியில் கிடப்பதைத் தம் கண்ணால் கண்டதாகச் சகோதரர் நூலின்மேல் கை வைத்துத் தலையசைக்கட்டும். அசைத்த மறுகணம் சாவி தங்களுடையது."

நூல் கொண்டுவரப்பட்டது. துறவி அசையவில்லை.  பிறகு மெல்ல, மிக மெல்ல, அங்கிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. அது நூலின் அட்டைக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றுவிட்டது. பொய்ச்சாட்சிக்கு வந்தவனுக்கும் கடவுளிடம் பொய் சொல்ல ஒரு கணம் அச்சம் வந்துவிட்டது போலும்!

யோலாந்தா ஆசனத்தைவிட்டு எழுந்தாள். ஐந்தடி நடந்து வந்தாள்.

"இந்தக் கோபுரத்துக்கு முதன்முறையாக வரும் எவரும் பதினேழாம் படியில் இடறாமல் ஏறியதில்லை, சகோதரரே. தாங்கள் ஏறினீர்கள்."

ஒரே வீச்சில் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினாள்.

அடர்ந்த தாடிக்குள்ளிருந்து வெளுத்த முகத்தோடு அவளைப் பார்த்தவன் ஆங்கெரான் பிரபு! வீக்கமோ, மெலிவோ, சங்கிலியின் தழும்போ இல்லாத, நன்றாக உண்டு உறங்கிய ஆங்கெரான்!

பிராங்கிய வீரர்கள் மகிழ்ச்சிக் குரல் எழுப்பப் போய், பாதியில் வாயடைத்தார்கள். தங்கள் பிரபு விடுதலையாகி நிற்கிறார் என்றால் எதை மீட்க இந்த விலை என்ற கேள்வி ஒவ்வொருவர் முகத்திலும் எழுந்தது. தூதர் வார்தாலிஸ் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்போதிலிருந்து?" என்று கேட்டாள் யோலாந்தா.

"யோலாந்தா, கேள்..."

"எப்போதிலிருந்து சுதந்திர மனிதராக இருக்கிறீர்கள்?"

"சென்ற வசந்தத்திலிருந்து." அவன் குரல் முதலில் தாழ்ந்து, பிறகு தடித்தது. "பிராங்கியரின் நாள் முடிந்துவிட்டது! இளவரசரே மண்டியிடப் போகிறார். நான் ஒரு பருவம் முன்னால் மண்டியிட்டேன், அவ்வளவுதான். மூன்று பள்ளத்தாக்குகளும் பட்டமும் தருவதாகப் பேரரசர் வாக்களித்திருக்கிறார். உனக்கும் சேர்த்துத்தான் செய்தேன். நான் விடுதலையானது தெரிந்தால் நீ கோட்டையைத் தரமாட்டாய் என்பது எனக்குத் தெரியாதா?"

"எனக்காகச் செய்தீர்களா?" அவள் கண்கள் நிறைந்தன, ஆனால் வழியவில்லை. "வசந்தத்தில் நாங்கள் குதிரைகளைக் கொன்று தின்றோம். கோடையில் என் கையால் பதினொரு பேரைப் புதைத்தேன். ஒவ்வொருவரும் 'பிரபு திரும்பி வருவார்' என்று சொல்லிக்கொண்டே செத்தார்கள். இன்று நண்பகலில் நான் சாவிக்கு மெருகிட்டேன், தெரியுமா? தங்களுக்காக இந்த நாற்பத்து மூன்று பேரின் கண்களை விற்க ஏறக்குறையத் துணிந்துவிட்டேன்! அந்தப் பாவத்தின் விளிம்புவரை என்னை நடத்திக் கொண்டுவந்தீர்களே, அதை எந்தப் பள்ளத்தாக்கைக் கொடுத்து ஈடு செய்வீர்கள்?"

 ஆங்கெரானின் பார்வை ஒரு நொடி மண்டபத்தின் மேற்கு மூலையிலிருந்த தாழ்வான கதவின்மேல் விழுந்து மீண்டது. அடுத்த நொடி அருகிலிருந்த வீரனின் கையிலிருந்து தீவட்டியைப் பறித்து, எதிரே நின்றவர்கள் முகத்தில் வீசிக் காட்டிவிட்டு, அந்தக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு பாய்ந்தான்.

"திட்டிவாசல்! மேற்குத் திட்டிவாசலுக்கு ஓடுகிறான்!" என்று கூவிக்கொண்டு தியோதூலோஸ் வாளை உருவினான். மேற்குப் பாறைக்கு இறங்கும் அந்த இரகசியச் சிறுவாயிலைக் கோட்டைத் தலைவனும் ஒருசில காவலரும் தவிர வேறு யாரும் அறியார். அதைத் திறந்துவிட்டால் கீழே எத்தனை பேர் காத்திருந்தாலும் ஒவ்வொருவராக உள்ளே வந்துவிட முடியும்.

"ஓட வேண்டாம்" என்றாள் யோலாந்தா.

"தேவி!"

"தூதரைச் சுற்றி நால்வர் நில்லுங்கள். அவர்மேல் கை படக்கூடாது. அவர் என் அபயத்தில் இருக்கிறார். தியோதூலோஸ், நீ விளக்கோடு என்னுடன் வா. மெதுவாகவே போவோம்."

ஒரு கணம் விழித்த தியோதூலோஸின் தழும்பு விழுந்த கன்னத்தில் மறுகணம் ஒரு புன்னகை விரிந்தது. அவனுக்கு நினைவு வந்துவிட்டது.

குறுகலான சுரங்கப்படிகள் பாறையின் வயிற்றுக்குள் வளைந்து வளைந்து இறங்கின. கீழேயிருந்து ஓடும் காலடிகளின் எதிரொலி கேட்டது. பிறகு அது நின்றது. பிறகு கைகளால் எதையோ அறையும் ஓசை கேட்டது. கடைசி வளைவில் அவர்கள் திரும்பியபோது, ஆங்கெரான் தீவட்டியைக் கீழே போட்டுவிட்டு, இரு கைகளாலும் ஒரு கற்சுவரைத் தடவிக்கொண்டிருந்தான். கதவுக்குப் போகும் வழியை மறித்தபடி, சுண்ணாம்பு வைத்து இறுகப் பூசிய மூன்று முழக் கனமான சுவர் எழும்பி நின்றது.

"சென்ற குளிர்காலத்தில் கட்டினோம்" என்றாள் யோலாந்தா. "கடைசி வரிசையை நானே வைத்தேன். தாங்கள் போன பிறகு இந்தக் கோட்டையில் வழிகள் மாறிவிட்டன, பிரபு. படியை மட்டும்தான் மாற்ற மறந்துவிட்டோம்."

அப்போது சுவருக்கு அப்பாலிருந்து, வெளிக்கதவின் இரும்பை யாரோ வாள்பிடியால் தட்டும் ஓசை மங்கலாகக் கேட்டது. மூன்று முறை. சற்று நேரம் கழித்து மறுபடியும் மூன்று முறை.

"எத்தனை பேர் அங்கே?"

"அறுபது" என்றான் ஆங்கெரான். அவன் குரல் செத்திருந்தது.

தியோதூலோஸின் வாள்முனை அவன் கழுத்தில் வந்து நின்றது. "உத்தரவிடுங்கள், தேவி. இங்கேயே முடித்துவிடுகிறேன். தூதரின் கூட்டத்தில் ஒற்றனுக்கு அபயம் இல்லை."

யோலாந்தா ஆங்கெரானின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்த முகத்தை எத்தனை ஆயிரம் முறை கனவில் கண்டிருப்பாள்! தாடிக்குள்ளும் அச்சத்துக்குள்ளும் அவள் மணந்த மனிதன் எங்கேனும் மிச்சமிருக்கிறானா என்று தேடினாள். புருவத்தின் வளைவில் கொஞ்சம் இருந்தான். அது போதவில்லை.

"வாளை எடு" என்றாள். "அவர் ஒற்றனாகத்தான் வந்தார். ஆனால் வாயிலைத் திறந்துவிட்டது என் வாக்கு. அவருடைய வாக்கு அழுகிவிட்டது என்பதற்காக என் வாக்கை நான் குப்பையில் எறியமாட்டேன். துறவியாக வந்தவர் துறவியாகவே நடந்து போகட்டும்."

சிறிது நேரத்தில் பெருவாயில் திறந்தது. தூதர் ரோமானோஸ் வார்தாலிஸ் குதிரையேறும் முன் யோலாந்தாவின் எதிரே வந்து, அரசவையில் பேரரசியருக்குச் செய்வதுபோலத் தாழ்ந்து வணங்கினார்.

"தேவி, இந்த வேடம் என் யோசனை அன்று. ஆனால் உடன்பட்டேன், அதற்காக வெட்கப்படுகிறேன். ஒன்று மட்டும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வசந்தம் வந்ததும் கல்லெறி பொறிகளோடு பெரும்படை வரும்."

"அவர்களுக்கு வழி தெரியும்தானே, பிரபு? தெரியாவிட்டால் என் ஆட்களை அனுப்புகிறேன்" என்றாள் அவள்.

தூதர் தம்மை மறந்து சிரித்துவிட்டார்.

குதிரைகள் இறங்கின. அவற்றுக்குப் பின்னால், முக்காடு இல்லாத தலையோடு, நிலவொளி கொட்டிய வளைபாதையில் ஆங்கெரான் தனியே நடந்தான். மதில்மேல் கோட்டையே திரண்டு நின்றது. எவரும் ஏசவில்லை, கல் எறியவில்லை. அந்த மௌனத்துக்கு அஞ்சியவன்போல அவன் நடையை எட்டிப் போட்டான்.

கீழே போகிறவர்களுக்கும் கேட்கும்படியாக யோலாந்தா மதிலின் உச்சியில் ஏறி நின்றாள். கணவனின் வாளை உறையோடு கழற்றி, இரு கைகளாலும் தலைக்குமேல் உயர்த்தினாள்.

"கேளுங்கள்! இரண்டு ஆண்டுகளாக இந்தக் கோட்டையை ஒருவருக்காகக் காத்து வந்தேன். அது இன்றோடு முடிந்தது. என் தந்தையின் கடவுளும் என் தாயின் கடவுளும் ஒருவரேயானால், அவர் சாட்சியாகச் சொல்கிறேன்: இந்த மதிலுக்குள் பிராங்கியன் என்றும் கிரேக்கன் என்றும் இரு கூட்டம் இனி இல்லை. இங்கே இருக்கிற ஒருவனுடைய கண்ணைக் கேட்டு எவன் வந்தாலும், பேரரசரே வந்தாலும், இளவரசரே விடுதலையாகி வந்து ஆணையிட்டாலும், என் உயிர் இருக்கும்வரை இந்தச் சாவி என் இடையைவிட்டு இறங்காது. கழுகுப்பாறைக்கு இனித் தலைவன் இல்லை. தலைவி நான்!"

முதலில் தியோதூலோஸின் குரல் எழுந்தது, கிரேக்க மொழியில். பிறகு பிராங்கிய வீரன் ஒருவன் தன் மொழியில் கூவினான். பிறகு எது எந்த மொழி என்று பிரித்தறிய முடியாதபடி நூறு குரல்கள் ஒன்றாக எழுந்து, பாறையில் மோதி, பள்ளத்தாக்கில் உருண்டு, நதியைக் கடந்து ஒலித்தன. கீழே பாதையில் நடந்தவன் நின்றான். திரும்பிப் பார்க்கத் துணியாமல் மறுபடி நடந்தான்.

ஆரவாரம் அடங்கியபோது யோலாந்தா புறங்கையால் கண்களைத் துடைத்துக்கொண்டு மதிலிலிருந்து இறங்கினாள்.

"தியோதூலோஸ்!"

"தேவி!"

"விடிந்ததும் கல்தச்சர்களை அழைத்து வா. கிழக்கு மதிலை இன்னும் நான்கு முழம் உயர்த்த வேண்டும். வசந்தத்துக்கு நமக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது."